பூட்ஸில் இருந்தது, மாப்பிள்ளையிடம் இல்லை

கதிரியக்கப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அணு உலை விபத்து நடந்தால் சுற்றியுள்ள மக்கள்மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கும், அதை எப்படி அளப்பது, எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கும். அளந்து முடித்த பிறகு எதிரே நிற்கிற ஆளிடம் என்ன சொல்வது என்பதுதான் எனக்கு யாரும் சொல்லித்தராதது. ஒத்தக்கடையில் ஒரு பரிசப் பந்தலில், தோளில் மாலை போட்டபடி, சிரிப்பையும் அடக்க முடியாமல் அதை நான் கற்றுக்கொண்டேன்.

அப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் இயற்பியலாளராக இருந்தேன். நோயாளிக்குக் கொடுக்கிற கதிர்வீச்சைக் கணக்குப் போடுவது என் வேலை. சிகிச்சை அறைக்கு வெளியே எதுவும் கசிகிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் வைத்திருந்தோம். டிபன் பாக்ஸ் அளவு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் பேனா நீளத்தில் ஒரு குழாய். கதிர்வீச்சு பட்டால் 'டிக்' என்று சத்தம் போடும். அதிகம் பட்டால் டிக்டிக்கென்று விடாமல் கத்தும். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே எடுப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் சோவியத் நாட்டில் செர்னோபில் உலை வெடித்தது. செய்தி மெல்ல மெல்ல நம் பேப்பர்களுக்கு வந்து சேர்ந்தபோது இங்கே கோடை மழைக்காலம். கோரிப்பாளையம் சந்திப்பில் ஒரு நாள் மதியம் நாலு தூறல் விழுந்ததும் ஜனங்கள் கல்மழை பெய்வதுபோல் கடைகளுக்குள் ஓடினார்கள். வழக்கமாக மே மாத மழைக்கு முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற அதே ஜனங்கள்! மருத்துவமனை போன் ஓயவில்லை. "மேடம், கொடியில துணி கெடக்கு. எடுக்கவா, வேணாமா?" என்றார் ஒருவர். இன்னொருவர் கூடையில் கோழியோடு நேராகவே வந்துவிட்டார். தோல் முட்டையாக இடுகிறதாம். கோழிக்கு மீட்டர் வைத்துப் பார்த்து, சுண்ணாம்புச் சத்து குறைவு என்று சொல்லி அனுப்பினேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரே என் வேலையைப் பற்றிப் பேசுகிறது என்றால் சும்மாவா?

மே மாதம் முடிகிற சமயத்தில் திருநகர்ப் பக்கமிருந்து கருப்பையா என்கிற கொத்தனார் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். மகன் பெயர் கதிரேசன். அரசு உதவித்தொகையில் கீவ் நகரத்தில் என்ஜினியரிங் படிக்கிறவன். வெடித்த உலைக்கு மிகப் பக்கத்தில் இருந்த பெரிய நகரம் அதுதான்.

"அம்மா, வர்ற வெள்ளிக்கெழம இவனுக்கு ஒத்தக்கடையில பரிசம் போடணும்," என்றார் கருப்பையா. "பொண்ணோட தாய்மாமன் விட மாட்டேங்குறாரு. இவன் மேல அணு வெசம் இருக்கு, தொட்டா ஒட்டிக்கிரும்ண்டு ஊரு பூராம் சொல்லிட்டாரு. எங்க வீட்டுக்குப் பால்காரரே வர்றதில்ல."

"ரெண்டு வருசம் கழிச்சு வாரேன்க்கா," என்றான் கதிரேசன். "எங்க அத்தை ஆரத்தித் தட்டை வாசப்படியில வச்சுட்டுத் தள்ளிப் போயி நின்னுக்கிட்டாக. 'நீயே எடுத்துச் சுத்திக்கடா'ண்டு சொல்லிட்டாக. நானே எனக்கு ஆரத்தி எடுத்துக்கிட்டு உள்ள போனேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். கருப்பையா சிரிக்கவில்லை.

உலை விபத்தில் வெளியேறுகிற அயோடின் தொண்டையில் உள்ள தைராய்டில் போய்த் தங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அது சில வாரங்களில் தேய்ந்துபோகிற சரக்கு என்பதும் தெரியும். தைராய்டு நோயாளிகளுக்கு வைத்திருந்த கருவியை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு ஏதோ துளி இருந்தது. நாங்கள் மருந்தாகக் குடிக்கக் கொடுப்பதற்குப் பக்கத்தில்கூட அது வராது. சான்றிதழ் எழுதித் தருகிறேன் என்றேன்.

"சீட்டெல்லாம் வேணாம்மா," என்றார் கருப்பையா. "குடுத்தா அந்தாளு கிழிச்சு எறிஞ்சுருவாரு. நீங்க வாங்க. அம்புட்டுப் பேரு முன்னாடியும் வச்சுக் காட்டுங்க."

எங்கள் துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டேன். நான் மிகவும் மதித்த டாக்டர் அவர். "தாராளமா போயிட்டு வா," என்றார். "மீட்டரை வச்சுக் காட்டு, ஒண்ணுமில்லைன்னு சொல்லு. எது வந்தாலும் ஒண்ணுமில்லைதான், புரியுதா? ஜனங்க பயந்துடக் கூடாது. சத்தத்தை மட்டும் அணைச்சிடு." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பிடித்த வேனில் நானும் போனேன். தாய்மாமனின் உத்தரவுப்படி, ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியும் கூடவே வந்தது. கதிரேசன் கோட்டு சூட்டு போட்டிருந்தான். அவன் உட்கார்ந்த சீட்டில் சொந்தக்காரர்கள் யாரும் உட்காரவில்லை. எல்லாரும் பின்னால் ஒருவர் மடிமேல் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் மீட்டருக்கும் வசதியாக இடம் கிடைத்தது.

பெண் வீடு யானைமலை அடிவாரத்தில். பெண் பெயர் வளர்மதி. அவளுடைய அப்பா உயிரோடு இருந்தபோது பேசி முடித்த சம்பந்தம் இது. அவர் போன பிறகு வீட்டில் தான் வைத்ததே சட்டம் என்று ஆகிவிட்ட தாய்மாமன் தவசிக்கு, பெண்ணைத் தன் மகனுக்கே கட்ட வேண்டும் என்று ஆசை என வேனில் பேசிக்கொண்டார்கள். தவசி பட்டாளத்திலிருந்து வந்தவர். வெள்ளை மீசை. மைக் வேண்டாத குரல்.

"மாப்ள வண்டியிலயே இருக்கட்டும்!" என்றார் தவசி. "மொதல்ல மிஷின் வரட்டும்."

இறங்கியதும் யாரோ எனக்கு மாலை போட்டார்கள். மாலையோடு மீட்டரைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போனேன். சத்தத்தை அணைத்தே வைத்திருந்தேன்.

"என்னம்மா, மிஷின் பேசலையே?" என்றார் தவசி.

"முள்ளைப் பார்த்தாலே தெரியும் ஐயா."

"முள்ளு ஒங்களுக்குத் தெரியும். எங்களுக்கு? கத்துற மிஷின்டு சொன்னாங்க. கத்த விடுங்க. ஊமை மிஷினக் காட்டி ஒண்ணுமில்லைண்டு சொன்னா நாங்க நம்பிரணுமா?"

அவர் வம்புக்குத்தான் கேட்டார். ஆனால் கேட்டது நியாயம். அந்த இடத்தில் சத்தம் இல்லாத மீட்டர் என்பது சீட்டு எழுதிக் கொடுப்பதைவிட மோசம். பொத்தானைத் தட்டினேன்.

டிக்... டிக்டிக்... டிக்... டிக்டிக்டிக்.

மருத்துவமனையில் கேட்டதைவிட வேகமாக இருந்தது. பந்தல் பின்வாங்கியது. ஒருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டாள்.

"ஆத்தீ, மாப்ள இன்னும் வண்டிய விட்டே எறங்கல, அதுக்குள்ள கத்துது!"

வேன் ஜன்னலிலிருந்து கதிரேசன் தலையை நீட்டினான். "அக்கா, நான் இன்னும் எறங்கவே இல்ல! இதுக்கு நான் பொறுப்பில்ல!"

மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். மீட்டர் கெட்டுவிட்டதா? வேனில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்ததா? ஒரு நிமிடம் கழித்துத்தான் நிமிர்ந்து எதிரே பார்த்தேன். யானைமலை பந்தலுக்கு மேலே வானத்தை மறைத்துக்கொண்டு படுத்திருந்தது. வீட்டின் அடித்தளமும் அந்தப் பக்கத்துக் கல்தான். குழாயை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். டிக்டிக்டிக். நடுப் பந்தலுக்குக் கொண்டுவந்தேன். குறைந்தது. மறுபடி கல், மறுபடி பந்தல். மூன்றாம் முறை கூட்டமே என்னோடு நடந்து வந்தது.

"இது மாப்பிள்ளை இல்லை, உங்க கல்லு," என்றேன். "எல்லாப் பாறையிலயும் கொஞ்சம் இருக்கும். இந்த மாதிரிப் பாறையில கொஞ்சம் கூட இருக்கும். இந்த ஊர் உண்டான நாள்லருந்து இருக்கு."

"அப்ப நாங்க பொறந்ததுலருந்து இதுக்குள்ளயா கெடக்கோம்?"

"ஆமா."

கூட்டம் கல்லைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பின்வரிசையில் ஒரு பெண், "அதான் எங்க வீட்டு ஆளுக்கு மண்ட இப்பிடிக் காஞ்சு போச்சா!" என்றாள். வீட்டு ஆள் தன் வழுக்கையைத் தடவினார். பந்தல் சிரித்துக் குலுங்கியது. ரோட்டுக்குப் போனவள் பிள்ளையோடு திரும்பி வந்தாள்.

இதை நீங்கள் எங்கே போனாலும் செய்யுங்கள். ஆளை அளப்பதற்கு முன்னால் இடத்தை அளந்து, அந்தச் சத்தத்தை எல்லார் காதிலும் போடுங்கள். எந்தச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தோம் என்று தெரியாதவருக்கு ஒரே ஒரு டிக்கும் எமன் வந்ததுபோலத்தான் கேட்கும்.

கதிரேசன் இறங்கினான். செருப்பைக் கழற்றிவிட்டு, திருடன் பிடிபட்டதுபோல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். தலைமுடி, கழுத்து, நெஞ்சு, உள்ளங்கை என்று மெதுவாக வைத்துக்கொண்டே வந்தேன். பந்தலில் கேட்ட அதே டிக்தான். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணியது. "கல்லை விடக் கம்மி!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு அம்மாள் குலவை போட்டாள். அவனுடைய அத்தை இதற்காகவே காத்திருந்ததுபோல் ஓடிவந்து அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"பெட்டிய யாரு பாக்குறது?" என்றார் தவசி.

பெட்டியைத் திறந்தோம். சட்டைகளில் ஒன்றுமில்லை. புத்தகங்களில் ஒன்றுமில்லை. அடியில் செய்தித்தாளில் சுற்றி ஒரு ஜோடி கருப்பு பூட்ஸ் இருந்தது. குழாயை அதன் அடிப்பக்கம் கொண்டுபோனதும் மீட்டர் படபடவென்று கொட்டியது. கல்லெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

குலவை போட்டவளின் கை வாயிலேயே நின்றது.

"மே தின ஊர்வலத்துக்கு இதைத்தான் போட்டுட்டுப் போனேன்," என்றான் கதிரேசன். அவன் குரலில் விளையாட்டு போய்விட்டது. "வெடிச்சு சில நாள்தான் ஆகியிருந்துச்சு. எங்ககிட்ட யாரும் ஒண்ணுமே சொல்லலக்கா. ஊரே ரோட்டுல நின்னுச்சு. சின்னப் புள்ளைகளத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தாங்க. நல்ல வெயிலு. ஐஸ்கிரீம் வித்தாங்க. அப்புறமாத்தான் ஜன்னலச் சாத்துங்க, தரையக் கழுவுங்கண்டு சொன்னாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கருப்பையா மட்டும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'எது வந்தாலும் ஒண்ணுமில்லை' என்று எனக்குச் சொல்லி அனுப்பப்பட்டிருந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்குப் பரிசம் சுலபமாக முடிந்திருக்கும். 'கல்லு சத்தம்தான்' என்று நான் சமாளித்தாலும் நம்பக்கூடிய அளவுக்குச் சிரித்த கூட்டம் அது. ஆனால் அங்கே கீவ் நகரத்திலும் யாரோ ஒரு அதிகாரி, ஜனங்கள் பயந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தோடுதான் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார். அவர் பேச்சை நம்பி நடந்த ஒரு பையனின் பூட்ஸ் என் கையில் இருந்தது.

"இருக்கு," என்றேன். "இந்த பூட்ஸ்ல இருக்கு."

"கேட்டீங்களா!" என்றார் தவசி.

"முழுசாக் கேளுங்க ஐயா. வெயில்ல நின்னவரைத் தொட்டா உங்களுக்கு வெயில் ஒட்டுமா? ஒட்டாது. மாப்பிள்ளை மேல பட்டது அந்த மாதிரி, பட்டுட்டுப் போயிருச்சு. ஆனா ரோட்டுத் தூசி ஒட்டும். அந்த ஊர் ரோட்டுத் தூசி இந்த பூட்ஸ் அடியில ஒட்டியிருக்கு. பூட்ஸை நான் பாலிதீன் பையில கட்டி எடுத்துட்டுப் போயிடுறேன். பெட்டியைத் துடைக்கணும். அம்புட்டுத்தான்."

என்னை அறியாமல் நானும் அம்புட்டு என்று சொல்லிவிட்டேன்.

"அம்புட்டும் இல்ல, இம்புட்டும் இல்ல!" தவசி பாய்ந்து வந்தார். "வெசம் இருக்குண்டு ஒங்க வாயாலயே சொல்லிட்டீங்க. பரிசம் கெடையாது! எடுத்துட்டுக் கெளம்புங்க!" என்று பூட்ஸை நோக்கி இடது கையை நீட்டினார்.

மீட்டர் அலறியது. டிக் எதுவும் தனியாகக் கேட்கவில்லை, துணி கிழிகிற மாதிரி ஒரே இரைச்சல். அவர் கையை இழுத்துக்கொண்டார். சத்தம் அடங்கியது. குழப்பத்தில் மறுபடி நீட்டினார். மறுபடி அலறல்.

"அண்ணே, ஒங்க கையிண்ணே!" என்றார் ஒருவர்.

அவர் மணிக்கட்டில், பட்டாளத்து நாளில் வாங்கிய வாட்ச். இருட்டில் எண்கள் பச்சையாக மின்னுமாம். அந்தக் காலத்தில் அப்படி மின்னுவதற்கு ரேடியம் பூசுவார்கள். செர்னோபில் தூசியை அந்த வாட்ச் தோற்கடித்துவிட்டது. பந்தல் வெடித்தது. மடிந்து மடிந்து சிரித்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து என்ன என்று கேட்டுவிட்டு, கரண்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மாலை குலுங்கி எனக்குத் தும்மல் வந்தது.

தவசி சிரிக்கவில்லை. வாட்ச்சைப் பிடுங்குவதுபோல் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. "ராத்திரியும் கழட்ட மாட்டேனே தாயி," என்றார். "இம்புட்டு வருசமா. என் பேத்தி இந்தக் கையிலதான் தூங்குவா." அதைக் கேட்டு அவருடைய மனைவியே பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். சிரித்துக்கொண்டேதான் ஒதுங்கினார்கள், ஆனால் ஒதுங்கினார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கதிரேசன் போய் அவரை ஒட்டி உட்கார்ந்தான். வாட்ச் கட்டியிருந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"தள்ளி உக்காருங்க மாப்ள," என்றார் தவசி.

"ஒண்ணும் ஒட்டாது மாமா. வெயில் மாதிரி. அக்கா சொன்னாகள்ல?"

நான் மீட்டரை அந்த வெறும் கையில் வைத்தேன். பந்தலின் டிக்தான். "பாருங்க ஐயா, கையில ஒண்ணுமில்லை. வாட்ச்சுக்குள்ள இருக்கிறது கண்ணாடியைத் தாண்டிக் கொஞ்சம் கை மேல படும், அவ்வளவுதான். பேத்திக்குப் பட்டது அதைவிடக் கம்மி. பயப்பட வேண்டாம். ஆனா இனிமேல் கட்ட வேண்டாம், யாரும் அதைப் பிரிக்கவும் கூடாது." மாப்பிள்ளைக்குச் சொன்ன அதே நிதானத்தில் அவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. எதிராளியின் வாட்ச் கத்துகிறது என்பதற்காக அதைப் பெரிதாக்கிக் காட்டலாமா? அந்த ஆசை எனக்கு வந்தது. வந்ததை மறைப்பதற்கில்லை.

அப்போதுதான் வளர்மதி வெளியே வந்தாள். அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. பட்டுச்சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். பொறக்கப் போற புள்ளைக்கு எதும் ஆகுமா?"

பந்தலில் எல்லாருக்கும் இருந்த பயம் அதுதான். அவள்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

"இவர் மேல பட்ட அளவுக்கு ஒண்ணும் ஆகும்னு நான் நினைக்கலை," என்றேன். "எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் வச்சுத்தான் சொல்றேன். ஆனா ஆகவே ஆகாதுன்னு எந்தப் பிள்ளைக்கும் யாராலயும் எழுதிக் கொடுக்க முடியாது வளர்மதி. நாளைக்கு எனக்குப் பிள்ளை பொறந்தாலும் அதே கதைதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாமன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"அப்ப பூட்ஸ நீங்க எடுத்துட்டுப் போங்கக்கா," என்றாள் சத்தமாக. "ஆள நாங்க வச்சுக்கிறோம்."

அதற்குப் பிறகு எழுந்த குலவை யானைமலையில் பட்டுத் திரும்பியிருக்கும். தவசியே எழுந்து தாம்பூலத் தட்டை மாற்றினார். வெறும் மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் வெள்ளை வளையமாகத் தெரிந்தது. அடுத்த ஒரு மணி நேரம் மீட்டருக்கு ஓய்வே இல்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். சமையல்காரர் பாயச அண்டாவுக்கும் வைத்தே ஆக வேண்டும் என்றார். வைத்தேன்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் கதிரேசன் என் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, எங்க ஹாஸ்டலுக்கு எதிர்ல ஒரு அம்மா ரொட்டிக்கடை வச்சிருந்துச்சு. ஊர்வலத்தன்னைக்கு அதோட ரெண்டு பிள்ளைகளும் என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்துச்சுக. அதுகளுக்கு யாராச்சும் இப்பிடி வச்சுப் பாத்துச் சொல்லுவாங்களா?"

"தெரியலைப்பா," என்றேன். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் ஒரு விபத்து அறிக்கையில் 'மக்கள்தொகை' என்று எழுதியிருப்பதைப் படித்தால், அந்த இரண்டு பிள்ளைகளும் வந்து நிற்கிறார்கள். உங்களுக்கும் அப்படி யாராவது வந்து நின்றால் நல்லது.

வேன் பெண் வீட்டுச் சீர் ஏற்றிக்கொண்டு நிரம்பிவிட்டதால் நான் டவுன் பஸ்ஸில் திரும்பினேன். பூட்ஸும் வாட்ச்சும் பாலிதீனுக்குள் பாலிதீனாகக் கட்டி, காலடியில் பையில் இருந்தன. கழுத்தில் மாலை, மடியில் மீட்டர். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னக்கா பையில?"

காலையிலிருந்து உண்மையே பேசிப் பழகிவிட்ட வாய். "ரஷ்யாவுலருந்து வந்த பூட்ஸும் ஒரு பழைய வாட்ச்சும். கொஞ்சம் ரேடியேஷன் இருக்கு. பையில கட்டி வச்சிருக்கேன், தூசி வெளிய வராது."

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் பக்கத்து சீட்டு காலியானது. முன் சீட்டும் காலியானது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

நான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மீட்டரைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். சத்தத்தை முழுதாக வைத்தேன். முதலில் பஸ், அப்புறம் பை. அது கத்தியது, குழாயைத் தள்ளி எடுத்ததும் அடங்கியது. அப்புறம் கண்டக்டர். அவர் விசில் வாயில் இருக்க, அசையாமல் நின்று காட்டிவிட்டு, விசிலை ஊதி வண்டியை எடுக்கச் சொன்னார். பிறகு வரிசையாக எல்லார் முன்னாலும் குழாயை நீட்டிக்கொண்டே போனேன். கோரிப்பாளையம் வருவதற்குள் பஸ்ஸில் மீட்டர் வைக்காமல் மிச்சம் இருந்தது ஒரே ஒருவர்தான். கடைசி சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர். அவருக்கும் வைத்தேன். டிக்... டிக்.

அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, எல்லாருக்கும் அம்புட்டு கத்துச்சு. எனக்கு மட்டும் என்னா இம்புட்டுக் கம்மியா வைக்கிற?"